மகனை வெளிநாட்டுக்கு அனுப்ப நிலத்தை விற்கலாமா?

வாசகர் கேள்வி: முதுகுளத்தூர் பக்கத்துக் கிராமத்தில் விவசாயம் செய்கிறேன். வயது 56. கண்மாய்ப் பாசனத்தில் இரண்டு ஏக்கர் நெல், மானாவாரியாக இரண்டு ஏக்கர் முண்டு மிளகாய். மூத்தவன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். பொங்கலுக்கும் குலசாமி கும்பிடவும் மட்டும் வருகிறான். இளையவன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, ஐடிஐயில் வெல்டர் படித்துவிட்டு ஓராண்டாக வீட்டில் இருக்கிறான். பக்கத்து ஊர் ஏஜென்ட் ஒருவர், "சவூதிக்கு ஃப்ரீ விசா இருக்கிறது, ஒன்றரை லட்சம் கட்டினால் இரண்டு மாதத்தில் ஏற்றிவிடுகிறேன், மாதம் 1,200 ரியால் நிச்சயம்" என்கிறார். மிளகாய்க் காட்டை விற்றுக் கட்டலாம் என்கிறாள் மனைவி. மூன்று வட்டிக்கு வாங்கிக் கட்டலாம் என்கிறான் மகன். எங்கள் தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. மடை திறக்கக்கூட இளவட்டம் இல்லை. இவனையும் அனுப்பிவிட்டால் ஊர் என்ன ஆகும் என்று நினைத்தால் தூக்கம் வரவில்லை. அனுப்பலாமா, நிறுத்திவைக்கலாமா?

பதில்:

அன்புள்ள ஐயா,

ஊரக வேலைவாய்ப்பு ஆலோசகராக இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இதே கேள்வியைப் பல தகப்பன்மாரிடமிருந்து கேட்டு வருகிறேன். முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். காரணங்களைப் பிறகு விளக்குகிறேன். மிளகாய்க் காட்டை விற்காதீர்கள். மூன்று வட்டிக்கும் வாங்காதீர்கள். அந்த ஏஜென்ட் சொல்லும் விசாவை ஏற்க வேண்டாம். அதற்காக மகனை ஊரிலேயே நிறுத்திவைக்கவும் முயல வேண்டாம். அவர் போகட்டும்; பெருங்கடன் இல்லாமல், தொழிலில் தேறிய பிறகு, ஓராண்டு கழித்துப் போகட்டும். ஊரைவிட்டுப் போகிறவர் திரும்பி வருவாரா, மாட்டாரா என்பதை ஊர்ப்பற்று தீர்மானித்து நான் அதிகம் பார்த்ததில்லை. போகும்போது அவர் தலையில் இருந்த கடன் தீர்மானித்துத்தான் மிகுதியாகப் பார்த்திருக்கிறேன்.

இளவட்டம் ஊரில் நிற்பதில்லை என்று பெரியவர்கள் வருந்தும்போது அதில் ஒரு குற்றச்சாட்டும் கலந்திருப்பதுண்டு. உங்கள் கடிதத்தில் அது இல்லை என்பது எனக்கு ஆறுதலாக இருந்தது. ஏனென்றால் உங்கள் பகுதியின் வேலை நாட்காட்டியைப் பார்த்தாலே இதற்கான காரணம் விளங்கிவிடும். இராமநாதபுரம் மாவட்டத்துக்குக் கிடைக்கும் மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவத்தில் பெய்வது. புரட்டாசியில் புழுதி விதைப்பு, தையில் அறுப்பு, மாசி முதல் சித்திரை வரை மிளகாய்ப் பழம் எடுப்பு. அதன் பிறகு அடுத்த உழவு வரை நிலத்தில் சொல்லிக்கொள்ளும்படியான வேலை கிடையாது. வைகை உங்கள் மாவட்டத்தை எட்டும்போது தேனியும் மதுரையும் சிவகங்கையும் எடுத்துக்கொண்டது போக எஞ்சிய நீரே வருகிறது. முதுகுளத்தூர், கடலாடி, கமுதிப் பக்கத்துச் சிறு கண்மாய்களோ பெரும்பாலும் வானத்தை நம்பியவை. கோடையில் மீதமிருப்பது சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுவதுதான். அந்தப் புகையில் நின்று கண்ணும் நெஞ்சும் கெட்டவர்களை உங்களுக்குத் தெரிந்திருக்கும். நாலு ஏக்கரில் ஆறேழு மாதம் நடக்கும் வேலைக்கு ஒரு வீட்டில் இரண்டு பேர் போதும். மூன்றாமவருக்கும் நான்காமவருக்கும் பங்கிட அங்கே வேலை இல்லை. இதில் உங்கள் மகனின் பிழை எதுவும் இல்லை.

அரசுக்கும் இது தெரியாததன்று. 2018இல் நாடெங்கும் பின்தங்கிய மாவட்டங்களைத் தனிக் கவனத்துக்காக மத்திய அரசு தேர்ந்தெடுத்தபோது, தமிழ்நாட்டிலிருந்து அந்தப் பட்டியலில் இடம்பெற்றவை விருதுநகரும் இராமநாதபுரமும்தான். கமுதி அருகே 2016இல் சுமார் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் எழுந்தபோது, இனி இளைஞர்களுக்கு உள்ளூரிலேயே வேலை கிடைக்கும் என்று பலர் நம்பினார்கள். கட்டும் மாதங்களில் வேலை இருக்கத்தான் செய்தது. கட்டி முடித்த பிறகு, தகடுகளைத் துடைப்பதற்கே இயந்திரங்கள் வந்துவிட்ட அத்தகைய நிலையத்துக்கு ஆட்கள் அதிகம் தேவைப்படுவதில்லை. நிலம் ஒருமுறை கைமாறினால் அதனோடு சேர்ந்த வேலையும் போய்விடுகிறது என்பதை உங்கள் வட்டாரமே கண்ணால் பார்த்திருக்கிறது. மிளகாய்க் காட்டை விற்க வேண்டாம் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

ஊர் வெறிச்சோடுகிறது என்று மனு எழுதிக்கொண்டு போனால், அலுவலகத்தில் வேறோர் எண்ணைக் காட்டக்கூடும். மாவட்டத்தின் மக்கள்தொகை 2001இல் 11,87,604, 2011இல் 13,53,445. கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. ஆனால் மொத்தத் தலைக்கணக்கை மட்டும் பார்த்தால், ஒரு தெருவில் இருபது வயதுக்காரர் எத்தனை பேர், அறுபது வயதுக்காரர் எத்தனை பேர் என்பது தெரியாது. உங்கள் தெருவின் பூட்டிய வீடுகளும் அதில் தெரியாது. ஆகவே நீங்கள் காண்பது உண்மைதானா என்று உங்களை நீங்களே சந்தேகிக்க வேண்டியதில்லை.

போவதும் உங்கள் மண்ணுக்குப் புதிதன்று. 19ஆம் நூற்றாண்டில் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் ஆள் போன ஊர்களில் இராமநாதபுரம் சீமையின் ஊர்களும் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அப்படிப் போனவர்கள் மண்டபத்தில் இலங்கை அரசு நடத்திய முகாமில் தங்கவைக்கப்பட்டு, நோய்ச் சோதனை முடிந்த பிறகு, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பலேறினார்கள். வழிச்செலவுக்கும் வீட்டுக்கும், ஆள் சேர்த்து அழைத்துப்போகும் கங்காணி முன்பணம் கொடுப்பார். அந்த முன்பணம் தொழிலாளியின் பெயரில் கடனாக ஏறும். ஒரு தோட்டத்தைவிட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக விரும்பினால், அவர் கடன் இவ்வளவு, அதைத் தீர்த்தால் விடுவிக்கிறோம் என்று எழுதிய ஒரு சீட்டு வேண்டும். அதற்குத் 'துண்டு' என்று பெயர். புதிய தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ளும். கடன் இடம் மாறுமே ஒழியத் தீராது. அந்த முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காலத்தில் போனவர்களில் பெரும்பாலோர் ஓரிரு ஆண்டு உழைத்துக் கொஞ்சம் பணம் சேர்த்துக்கொண்டு ஊர் திரும்பும் எண்ணத்தோடுதான் படகேறினார்கள். திரும்ப முடியாமல் போனவர்களின் கதைகளில் எல்லாம் இந்தக் கடன் வருகிறது. ஒன்றரை லட்சம் கட்டினால் ஏற்றிவிடுகிறேன் என்ற சொல்லைக் கடிதத்தில் படித்தபோது எனக்கு அந்தத் துண்டுச் சீட்டுதான் நினைவுக்கு வந்தது.

இனி அந்த விசாவைப் பற்றிப் பார்ப்போம். 'ஃப்ரீ விசா', 'ஆசாத் விசா' என்ற பெயரில் சவூதி அரசு எந்த விசாவும் வழங்குவதில்லை. ஒருவர் தம் பெயரில், பெரும்பாலும் வீட்டு ஓட்டுநர், வீட்டுப் பணியாள், தோட்டக்காரர், ஆடு மேய்ப்பவர் என்ற வகையில், விசா எடுத்து விற்றுவிடுகிறார். வாங்கியவர் அங்கே போய்க் கிடைத்த இடத்தில் வேலை தேடிக்கொள்ள வேண்டும். சவூதி தொழிலாளர் சட்டத்தின் 39ஆவது பிரிவின்படி, தம் கஃபீலைத் (விசாவுக்குப் பொறுப்பான முதலாளியை) தவிர வேறொருவரிடம் முறையான மாற்றம் இல்லாமல் வேலை செய்வதே குற்றம். கஃபீல் நினைத்தால், ஆள் ஓடிவிட்டார் என்று 'ஹுரூப்' பதிவு செய்துவிடலாம்; அதன் பிறகு உங்கள் மகன் சட்டத்தின் கண்ணில் தலைமறைவானவர். மார்ச் 2021இல் அந்நாடு தொழிலாளர் முறையில் செய்த மாற்றங்களால், வேலை மாறவும் நாடு திரும்பவும் முதலாளியின் ஒப்புதல் இல்லாமலே வழி கிடைத்தது உண்மை. ஆனால் நான் மேலே சொன்ன வீட்டு வேலை, ஓட்டுநர், தோட்டம், மேய்ப்பு ஆகிய வகைகள் அந்த மாற்றங்களுக்கு வெளியே விடப்பட்டன. வெல்டர் படித்த பிள்ளையை மேய்ப்பர் விசாவில் ஏற்றுவது, அவருக்குக் கிடைக்கக்கூடிய பாதுகாப்பை நாமே பணம் கொடுத்துக் கழற்றிவிடுவதாகும். அப்படிப் போகிறவருக்கு 1,200 ரியால் நிச்சயம் என்று சொல்ல யாராலும் முடியாது. ஏனென்றால் அந்தச் சம்பளத்தைக் கொடுக்க வேண்டிய கம்பெனி எது என்பதே இன்னும் முடிவாகவில்லை.

இன்னொரு செய்தியைப் பலர் கவனிப்பதில்லை. பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட் ஈசிஆர் (குடிபெயர்வுச் சோதனை தேவை) வகையில் வரும். அவர்கள் வளைகுடா நாடுகள் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது, குடிபெயர்வோர் பாதுகாப்பு அதிகாரி அவர்களுடைய ஒப்பந்தத்தைச் சரிபார்த்து அனுமதி தர வேண்டும். உங்கள் மகன் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர். ஆகவே அந்த அனுமதி அவருக்குத் தேவையில்லை. இதைச் சலுகையாக மட்டும் எண்ணிவிடக் கூடாது. அரசு அதிகாரி பார்க்க வேண்டிய ஒப்பந்தத்தை இனி நீங்கள்தான் பார்க்க வேண்டும் என்பதும் அதில் அடங்கியிருக்கிறது. 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் எவரும் மத்திய அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு பெற்ற முகவர் தொழிலாளியிடம் வாங்கக்கூடிய கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதன்மேல் ஜிஎஸ்டி. பதிவு பெற்ற நிறுவனத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு ஊர் ஊராகப் பணம் வாங்கும் துணை ஏஜென்ட்டுகளுக்குச் சட்டத்தில் இடமில்லை. உங்கள் ஏஜென்ட்டிடம் மூன்றே கேள்வி கேளுங்கள்: பதிவு எண் என்ன, எந்தக் கம்பெனி, ஒப்பந்தத்தின் நகல் எங்கே. எண்ணைச் சொன்னால், மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் அது உண்மைதானா என்று மகனே தம் கைப்பேசியில் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். சவூதி தொழிலாளர் சட்டத்தின் 40ஆவது பிரிவு, முறையான வேலை ஒப்பந்தத்தில் ஆளெடுப்புக் கட்டணம், இக்காமா என்னும் தங்கும் அனுமதி, ஒப்பந்தம் முடிந்து திரும்பும் டிக்கெட் ஆகியவற்றின் செலவை முதலாளியின் மேல்தான் வைக்கிறது. அப்படியிருக்க, ஒன்றரை லட்சம் எதற்கு என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

வட்டிக் கணக்கை மகனோடு உட்கார்ந்து ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். நூற்றுக்கு மூன்று வட்டி என்றால் ஒன்றரை லட்சத்துக்கு மாதம் 4,500 ரூபாய். ஏஜென்ட் சொல்லும் 1,200 ரியால் அப்படியே கிடைக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். ரியாலுக்கு 23 ரூபாய் என்றால் 27,600 ரூபாய். சாப்பாட்டுக்கும் கைச்செலவுக்கும் 400 ரியால் போனால் மிஞ்சுவது 18,400. வீட்டுக்கு மாதம் 8,000 வேண்டும் என்றால் கடனுக்குக் கட்ட 10,400 இருக்கும். முதல் மாதம் அதில் 4,500 வட்டிக்கே போய்விடும். இந்த வேகத்தில் கட்டினால், ஒரு மாதம்கூடச் சம்பளம் தவறாமல் வந்தாலும், கடன் தீர 19 மாதத்துக்கு மேல் ஆகிறது. ஒப்பந்தம் வழக்கமாக 24 மாதம். இரண்டு ஆண்டு உழைப்பில் கையில் நிற்பது கடைசி நாலைந்து மாதத்து மிச்சம், அதாவது ஏறத்தாழ ஐம்பதாயிரம் ரூபாய்தான். இடையில் இரண்டு மாதம் வேலை இல்லாமல் போனால் அதுவும் இல்லை. பிறகு எந்த முகத்தோடு ஊர் திரும்புவது என்று இன்னோர் இரண்டு ஆண்டு, அதன்பின் இன்னோர் இரண்டு ஆண்டு என்று தங்கிவிடுகிறார்கள். உங்கள் தெருவின் பூட்டிய வீடுகளில் சிலவற்றின் கதை இதுவாக இருக்கலாம்.

பதிவு பெற்ற முகவர் வழியாகப் போனால் கட்டணம் ஜிஎஸ்டியோடு சேர்த்து 35,400 ரூபாய். மெடிக்கல், சான்றிதழ் சரிபார்ப்பு என்று இன்னும் சிறிது வைத்தாலும் ஐம்பதாயிரத்தை ஒட்டி முடியும். அதற்கு உங்கள் துணைவியாரின் நகையில் ஒரு பகுதியைக் கூட்டுறவு வங்கியிலோ அரசு வங்கியிலோ அடகு வைத்தால், ஆண்டுக்கு 9 அல்லது 10 சதவீத வட்டியில், மாதம் 400 ரூபாயை ஒட்டி முடியும். அதே 10,400 ரூபாயை மாதந்தோறும் கட்டினால் ஐந்து மாதத்தில் நகை வீட்டுக்கு வந்துவிடும். நிலமும் உங்கள் பெயரிலேயே இருக்கும்.

ஓராண்டு கழித்து என்று நான் சொன்னதற்கு வருகிறேன். வெல்டர் என்று ஐடிஐ சான்றிதழ் மட்டும் வைத்திருப்பவரை வெளிநாட்டில் பல இடங்களில் ஹெல்பராகத்தான் எடுக்கிறார்கள். குழாய் வெல்டிங்கில் 6ஜி தேர்வு (சாய்வாக நிறுத்திய குழாயைச் சுற்றிலும் பற்றவைத்துக் காட்டும் தேர்வு) தேறியவருக்கு அங்கே கிடைக்கும் மதிப்பும் சம்பளமும் வேறு. வெல்டர், எலக்ட்ரீஷியன், பிளம்பர் போன்ற தொழில்களுக்கு வருகிறவர்களை இந்தியாவிலேயே திறன் தேர்வு வைத்துப் பார்க்கும் முறையையும் சவூதி கொண்டுவந்திருக்கிறது. ஆகவே இந்த ஓராண்டில் அவர் ஓசூரிலோ, ஸ்ரீபெரும்புதூர் பக்கத்திலோ, திருச்சி திருவெறும்பூர்ப் பகுதியின் உருக்குக் கட்டுமானப் பட்டறைகளிலோ, 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி பழகுநராகச் சேரட்டும். உதவித்தொகை குறைவாகத்தான் இருக்கும். ஆனால் கை பழகும். முடிவில் தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழ் கிடைக்கும். 6ஜி தேர்வுக்கும் அங்கிருந்தே தயாராகலாம். கூடவே, 1978இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் பெயர் பதிவு செய்து வைக்கச் சொல்லுங்கள். அங்கே அழைப்பு உடனே வந்துவிடும் என்று நான் உறுதி கூற மாட்டேன். வந்தால் அது ஒப்பந்தம் உள்ள வேலையாக இருக்கும். அந்த ஓராண்டில் உள்நாட்டிலேயே நல்ல வேலை அமைந்து, வெளிநாடு வேண்டாம் என்று அவரே முடிவு செய்தாலும் உங்களுக்கு இழப்பு எதுவும் இல்லை.

அடுத்து, உங்களைத் தூங்கவிடாத கேள்வி. இவர்கள் எல்லாரும் போனால் ஊர் என்ன ஆகும்? ஆறுதலுக்காக எதையும் சொல்ல எனக்கு விருப்பமில்லை. போனவர்களில் பாதிப்பேர்கூட நிலையாகத் திரும்பிவந்து உழவு செய்வார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஊரில் இளைஞர்கள் குறைவாகத்தான் இருப்பார்கள். அந்தக் குறைந்த ஆள்பலத்தில் கண்மாயையும் நிலத்தையும் எப்படிக் கைவிடாமல் வைத்துக்கொள்வது என்றுதான் நாம் யோசிக்க வேண்டியிருக்கிறது. முன்பு மடை திறந்து வயலுக்கு நீர் பாய்ச்ச நீர்ப்பாய்ச்சி என்று ஒருவரை ஊர் நியமித்து, அறுப்பில் அவருக்கு நெல் அளந்தது. மராமத்துக்கு வீட்டுக்கு ஓர் ஆள் வந்தது. இன்று வீட்டுக்கு ஓர் ஆள் என்று கேட்டால் பூட்டிய வீட்டிலிருந்து யார் வருவார்? ஆனால் பூட்டிய வீட்டிலிருந்து பணம் வரும். கோயில் கும்பாபிஷேகத்துக்கு வெளிநாட்டிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் வரி வசூலாவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒருவரும் பாக்கி வைப்பதில்லை. அதே வரிப்புத்தகத்தில் கண்மாய்க்கென்று தனிப் பக்கம் போட்டு, தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று ஊர்க்கூட்டத்தில் வைத்துப் பாருங்கள். அந்தப் பணத்தில் நீர்ப்பாய்ச்சி ஒருவருக்கு மாதச் சம்பளம் கொடுக்கலாம். மடைப் பலகையும், உபரி நீர் வழியும் கலுங்கும் ஆண்டுதோறும் சரிசெய்யலாம். கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக் காலில் முளைக்கும் கருவேலத்தைக் கன்றாக இருக்கும்போதே பிடுங்கலாம். மரமான பிறகு வெட்டுவதற்கு ஆகும் செலவில் இது சிறு பங்குதான். இதை உங்கள் வயதில், ஊரில் இருப்பவர் ஒருவர் எடுத்துச் செய்தால்தான் நடக்கும்.

மிளகாய்க் காட்டை எப்படி வைத்துக்கொள்வது என்பதற்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஆள் இல்லை என்று நிலத்தைத் தரிசு போட்டால் இரண்டு மழையில் கருவேலம் ஏறிவிடும். பிறகு கரிக்காரருக்குக் குத்தகைக்கு விடுவது தவிர வழியில்லை என்று ஆகிவிடும். இரண்டு ஏக்கரும் முடியவில்லை என்றால் ஓர் ஏக்கராவது உழவில் இருக்கட்டும். மற்றதை உள்ளூரிலேயே நிலமில்லாத ஒருவருக்கு, விளைச்சலில் பங்கு என்ற வாரத்துக்கு விடுங்கள். இராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. குறியீடு வந்ததால் மட்டும் விலை ஏறிவிடாது. களத்தில் காயவைத்த பழத்தை அன்றைக்கே கமிஷன் கடைக்கு ஏற்றாமல், தரம் பிரித்து, ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்திலோ எட்டிவயல் மிளகாய் வணிக வளாகத்திலோ விலை பார்த்து விற்பவருக்குத்தான் அதன் பயன் சேரும். கமிஷன் கடையில் முன்பணம் வாங்கியிருந்தால் இந்த உரிமை உங்கள் கையில் இருக்காது. மகனின் முதல் ஆண்டுச் சம்பளத்திலிருந்து அந்தப் பாக்கியைத் தீர்ப்பது, வீட்டுக்கு மாடி எடுப்பதைவிட முந்தி நிற்க வேண்டிய செலவு என்று நினைக்கிறேன். மூத்த மகனையும் இந்தப் பேச்சில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு இருமுறை மட்டும் வருகிறவரிடம் நிலத்தின் கணக்கை யாரும் சொல்வதில்லை. சொல்லாததாலேயே அவருக்கு அது அப்பாவின் நிலமாக மட்டும் தோன்றத் தொடங்கிவிடுகிறது.

ஏஜென்ட்டிடம் பாஸ்போர்ட்டையோ முன்பணத்தையோ ஏற்கெனவே கொடுத்திருக்கிறீர்களா என்று கடிதத்தில் எழுதவில்லை. கொடுத்திருந்தால் இந்த வாரமே போய்ப் பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்கிவிடுங்கள்; பணத்துக்கு ரசீது எழுதி வாங்குங்கள். தர மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்திலும், சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாப்பு அதிகாரியிடமும் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுக்கலாம்.

பழகுநர் பயிற்சிக்குச் சேர மகனுக்கு அழைப்பு வரச் சில வாரங்கள் ஆகலாம். அதுவரை அவரோடு சேர்ந்து செய்ய ஒரு வேலை இருக்கிறது. கண்மாய் வண்டல் மண்ணை விவசாயத்துக்குத் தாசில்தாரின் அனுமதி பெற்றுக் கட்டணமில்லாமல் எடுத்துக்கொள்ள இப்போது வழி இருக்கிறது. கண்மாய் வறண்டிருக்கும்போதே மனுவைக் கொடுத்து, புழுதி விதைப்புக்கு முன்னால் மிளகாய்க் காட்டுக்கு வண்டல் அடித்துவிடுங்கள். டிராக்டரோடு மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள். எந்த மடையிலிருந்து எந்த வயலுக்குத் தண்ணீர் பாய்கிறது, கலுங்கு வழிந்தால் அடுத்து எந்த ஊர்க் கண்மாய்க்குப் போகிறது என்பதை அப்போது அவருக்கு நடந்தே காட்டிவிடுங்கள்.